உணர்வு தவறு, மீண்டும் எழுதவும்

சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மகள் கொண்டுவந்த பள்ளித் தாளை விரித்துப் பார்த்தார் அப்பா. தாளின் தலையில் "வாசித்தோம், எழுதுவோம்" என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன்கீழ் மூன்று கட்டங்கள். கதையில் பிடித்தது எது, படித்தபோது என்ன உணர்ந்தாய், கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய். மூன்று கட்டங்களையும் சேர்த்து வளைத்து ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் வகுப்பாசிரியையின் கையெழுத்து: "உணர்வு தவறு. மீண்டும் எழுதவும்."

கூட்டல் தவறலாம், கழித்தல் தவறலாம், உணர்வு எப்படித் தவறும் என்று கேட்கத் தோன்ற வேண்டிய இடம் அது. அப்பாவுக்குத் தோன்றவில்லை. 'சரி, திருத்திவிடலாம்' என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அவருடைய பிழைப்பு அப்படி. ஒரு கூரியர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பதில் எழுதுகிறவர் அவர். உடைந்துபோன கண்ணாடிப் பாத்திரம், நனைந்துபோன சான்றிதழ், எங்கே போனதென்றே தெரியாத பெட்டி என்று நாள்தோறும் புகார்கள் வந்து குவியும். போன பொருள் யாருக்கும் திரும்பக் கிடைக்காது. பதில் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கும். "தங்கள் மனநிலையை முழுமையாக உணர்கிறோம். இந்நிகழ்வுக்காக மிகவும் வருந்துகிறோம்." எழுதி எழுதி, அலுவலகத்தில் அவர் பெயரே 'வருந்துகிறோம்' ஆகிவிட்டது. "என்ன வருந்துகிறோம், டீ குடிக்க வரலையா?" என்று கூப்பிடுவார்கள். அவரும் எந்த வருத்தமும் இல்லாமல் எழுந்து போவார்.

"சுண்டு, இங்க வா. என்ன கதைடா இது?"

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, தாளை எட்டிப் பார்த்தாள்.

"குருவிக் கதைப்பா. ஒரு குருவி இருக்கும். அணிலுக்குக் குளிருதுன்னு ஒரு இறகு குடுக்கும். தவளைக்கு ஒண்ணு. முயலுக்கு ஒண்ணு. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் குடுத்துட்டு மொட்டையா நிக்கும். எல்லாரும் கை தட்டுவாங்க. அவ்ளோதான்."

அவள் எழுதியிருந்தது இது: "எனக்கு எதுவும் பிடிக்கல. குருவிக்குக் குளிருமே. முயலுக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் முடி இருக்கு, அது ஏன் வாங்குச்சு? எல்லாரும் கை தட்டுனாங்க, ஒருத்தர்கூட ஒரு இறகைத் திருப்பிக் குடுக்கல. எனக்குக் கோவம் வந்துச்சு. கற்றுக்கொண்டது: முயல்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "கரெக்டாத்தானே எழுதியிருக்கா? அந்த முயலைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்."

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் ஊசி குத்தும்போது "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார்கள். அவள் மட்டும், "வலிக்கும். கொஞ்ச நேரம்தான். கத்தணும்னா கத்துங்க" என்று சொல்லிவிட்டுக் குத்துவாள். மேலாளருக்கு அவளைப் பிடிக்காது. நோயாளிகள் அவளிடமே கையை நீட்டுவார்கள்.

"நீ சிரிக்காத. இதுக்கு மார்க் இருக்கு" என்றார் அப்பா. "சுண்டு, பென்சிலை எடு. நான் சொல்றதை எழுது. 'இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.'"

"பிடிக்கலையேப்பா."

"எழுதும்மா. 'குருவியின் தியாக உணர்வு என் மனதை நெகிழச் செய்தது.'"

"நெகிழன்னா?"

"மனசு அப்படியே இளகிப் போறது."

"எனக்கு இளகலையே."

"எழுதினா இளகிடும். எழுது. 'இதன்மூலம் பகிர்ந்து வாழ்வதன் மேன்மையைக் கற்றுக்கொண்டேன்.' முற்றுப்புள்ளி வை. அவ்ளோதான். எவ்ளோ அழகா இருக்கு பாரு."

அழகாகத்தான் இருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமை, சுண்டுவின் தாள் பள்ளி நுழைவாயிலில் இருக்கும் வாசிப்புச் சுவரில் ஏறியது. வண்ணக் காகிதத்தில் சட்டம் போட்டு, நான்கு மூலையிலும் நட்சத்திரம் ஒட்டி, குருவி படம் வரைந்து, தலைமையாசிரியை அறையிலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படும் இடத்தில் மாட்டினார்கள். அப்பா அதைப் படம் எடுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினார். "வருந்துகிறோம் பொண்ணு, மகிழ்கிறோம்னு எழுதியிருக்கா" என்று ஒருவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் வகுப்பாசிரியை அவரைத் தனியாகக் கூப்பிட்டார். வயதில் சின்னவர். கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் வயதில் பெரியது.

"சார், அது நீங்க எழுதிக் குடுத்ததுதானே? பயப்படாதீங்க, நல்லதுக்குத்தான் கேக்கறேன்" என்றவர் ஒரு தடிமனான கையேட்டைப் பிரித்தார். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் சாய்வெழுத்தில் "எதிர்பார்க்கப்படும் உணர்வு" என்று ஒரு வரி. குருவிக்கு நெகிழ்ச்சி. தேனீக்கு வியப்பு. இரண்டு தலைப் பாம்புக்கு அச்சம் கலந்த மரியாதை.

"பாருங்க சார், இவ்ளோ தெளிவாப் போட்டிருக்கு. இந்தப் பசங்க எழுதறது ஒண்ணும் இதோட ஒத்துவர மாட்டேங்குது. ஒருத்தன் குருவிக்குச் சட்டை தைக்கணும்னு எழுதியிருக்கான். இன்னொருத்தி, ரெண்டு தலைப் பாம்புக்குத் தலைவலி வந்தா எந்தத் தலையில வரும்னு கேட்டு வச்சிருக்கா. இதையெல்லாம் எந்தக் கட்டத்துல சார் சேர்க்கறது? ஒரு கிளாஸ் தாளைத் திருத்தி முடிக்கறதுக்குள்ள அடுத்த கதை வந்துடுது. வெளியிலேர்ந்து பார்வையிட வர்றவங்க அந்தச் சுவரைத்தான் பார்க்கறாங்க."

"அவ்ளோதானே? அந்தக் கையேட்டை ரெண்டு நாள் குடுங்க" என்றார் அப்பா.

அந்தப் பருவத்துக்கான கதைகள் முழுவதற்கும் அவரே மாதிரி விடை எழுதிக் கொடுத்தார். தேனீயின் உழைப்பு மனதை நெகிழச் செய்தது. பாம்பின் அடக்கம் மனதை நெகிழச் செய்தது. வகுப்பாசிரியை அவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். கதையை முழுக்கப் படிக்க வேண்டிய தொல்லையும் தீர்ந்தது. வகுப்பே ஒட்டுமொத்தமாக நெகிழ்ந்தது. வாசிப்புச் சுவரில் இடம் போதாமல் படிக்கட்டுச் சுவர் வரைக்கும் நெகிழ்ச்சி பரவியது. பார்வையிட வந்த ஒரு பெரியவர், "இதெல்லாம் பிள்ளைங்களே எழுதினதா?" என்று கேட்டார். "ஒவ்வொரு எழுத்தும் அவங்க கையால எழுதினது சார்" என்றார் தலைமையாசிரியை. அதில் பொய் இல்லை.

சுண்டு சீக்கிரமே பழகிக்கொண்டாள். பழகியது தாளோடு நிற்கவில்லை. பெரியப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, "சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு?" என்று பெரியம்மா கேட்டார். சுண்டு எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "உணவு மிகவும் சுவையாக இருந்தது. இதன்மூலம் விருந்தோம்பலின் மேன்மையைக் கற்றுக்கொண்டேன்" என்றாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை" என்று பெரியப்பா போனை எடுத்து வீடியோ பிடித்து, குடும்பக் குழுவில் போட்டார். அத்தை சித்தப்பா எல்லோரும் கை தட்டும் படங்களை அனுப்பினார்கள். சுண்டுவின் தட்டில் சாப்பாடு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை யாரும் வீடியோ பிடிக்கவில்லை.

ஆண்டு விழா வந்தது. மூன்றாம் வகுப்புக்குக் குழு நடனம். நடனம் சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர், மேடையில் எல்லோர் காலும் ஒரே மாதிரி மின்ன வேண்டும் என்றார். வெள்ளி நிறத்தில் காலணிகள் மொத்தமாக வாங்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையின் காலையும் அளக்க யாருக்கு நேரம்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய கால் எதுவோ, அந்த அளவில் எல்லோருக்கும் ஒன்றே வாங்கிவிட்டார்கள். சின்னக் கால் உள்ள பிள்ளைகள் நுனியில் காகிதம் திணித்துக்கொண்டார்கள். பெரிய கால் உள்ள பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டார்கள். சுண்டு ஆள்தான் சுண்டு. கால் அப்படியே அப்பாவின் கால்.

காலணிகள் பள்ளியிலேயே இருந்தன. வீட்டுக்குக் கொடுத்தால் அழுக்காகிவிடும் என்று பயம். தினமும் மதியத்துக்கு மேல் ஒத்திகை. மாலையில் ஸ்கூட்டரின் முன்னால் அவளை நிற்கவைத்து ஓட்டிக்கொண்டே அப்பா கேட்பார்.

"டான்ஸ் எப்படிடா போச்சு?"

"மிகவும் பயனுள்ளதாக இருந்தது அப்பா."

"சபாஷ்!"

இரண்டொரு நாளில் சுண்டு வீட்டுக்குள் குதிகாலில் நடக்க ஆரம்பித்தாள். "என்னடி இது, வாத்து டான்ஸா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று சுண்டு தலையாட்டினாள். பள்ளியிலிருந்து வந்த பிறகும் சாக்ஸைக் கழற்றுவதில்லை. தரை ஜில்லென்று இருக்கிறது என்றாள். நம்பினார்கள். பிள்ளை ஒழுங்காகப் பேசினால் போதும், நம்புவதற்கு நாம் தயாராகத்தான் இருக்கிறோம்.

விடுமுறை நாளின் காலையில் குளிப்பாட்டக் கூப்பிட்ட அம்மா, பிடித்து உட்காரவைத்து அந்த சாக்ஸை உருவினாள். வரவில்லை. விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, நூல் நூலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டை விரல் நகம் கறுத்து, ஓரம் சதைக்குள் இறங்கி, சீழ் கோத்திருந்தது. பக்கத்து விரலில் தோலே இல்லை.

அம்மா போட்ட சத்தத்தில் அப்பா பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"ஊரான் கையில எல்லாம் ரத்தம் எடுக்கறேன். எம்பொண்ணு கால்ல ரத்தம் கட்டி நிக்குது, எனக்குத் தெரியல. நான்லாம் ஒரு அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா. பிறகு சுண்டுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி சொல்லல? வாய் இருக்குல்ல?"

அப்பா கீழே உட்கார்ந்தார். "வலிக்கலையாடா கண்ணு?"

சுண்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு மெல்லக் கேட்டாள்:

"வலிக்குதுன்னு சொல்லணுமாப்பா, வலிக்கலன்னு சொல்லணுமா?"

அப்பாவின் வாயில் பற்பசை நுரை காய்ந்துகொண்டிருந்தது. அதைத் துப்பவும் அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் நகத்தின் ஓரத்தைக் கீறி, சீழை எடுத்து, கட்டுப் போட்டார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா எலும்பு வரைக்கும் போயிருக்கும். பிள்ளை அழலையா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் பள்ளிக்குப் போனார்கள். கட்டுப் போட்ட காலோடு சுண்டுவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார்கள். வகுப்பாசிரியையும் வரவழைக்கப்பட்டு ஓரமாக நின்றார். தலைமையாசிரியை எழுந்து வணக்கம் சொன்னார்.

"உட்காருங்க சார். நம்ம மாதிரி விடை சார் இல்ல நீங்க? விஷயம் கேள்விப்பட்டேன். ஆனா ஒண்ணு, பிள்ளைங்க கருத்தைக் கேக்காம நாங்க எதையும் செய்யறதில்ல. முதல் நாள் ஒத்திகை முடிஞ்சதுமே 'என் அனுபவம்'னு எல்லார்கிட்டயும் எழுதி வாங்கிட்டோம். எங்க பள்ளியில எல்லாமே எழுத்துலதான்."

கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். அதே மூன்று கட்டங்கள். சுண்டுவின் குண்டு குண்டான எழுத்து.

"ஒத்திகை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெள்ளிக் காலணியின் அழகு என் மனதை நெகிழச் செய்தது. இதன்மூலம் விடாமுயற்சியின் மேன்மையைக் கற்றுக்கொண்டேன்."

கீழே சிவப்பு மையில் "மிக நன்று". ஒரு நட்சத்திரம்.

"உங்க பொண்ணு கையெழுத்துதானே சார்?"

அம்மாதான் பேசினாள். "கையெழுத்து அவளோடது. வாக்கியம் இவரோடது."

"யாரோடதா இருந்தா என்னம்மா, நல்ல வாக்கியம்" என்றார் தலைமையாசிரியை. "சரி, நடந்தது நடந்துபோச்சு. வைத்தியச் செலவைப் பள்ளி பார்த்துக்கும். விழாவுக்குப் பெரிய பெரிய விருந்தினர்லாம் வர்றாங்க. இந்த நேரத்துல பேச்சு வளர வேண்டாம். பள்ளி எடுத்த நடவடிக்கையில எங்களுக்குத் திருப்தின்னு நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் கை வந்த கலையாச்சே."

வெள்ளைத் தாளும் பேனாவும் மேசையைக் கடந்து வந்தன. அப்பாவின் கை பேனாவை எடுத்தது. அதிலொன்றும் ஆச்சரியமில்லை. வெள்ளைத் தாளைக் கண்டால் அந்தக் கை அப்படித்தான் செய்யும். "தங்கள் மனநிலையை முழுமையாக உணர்கிறோம்" என்று பாதி வரி எழுதியும்விட்டது. அப்போதுதான் அவர் அதைப் படித்தார். எழுதியவராக அல்ல, கிடைக்கப் பெற்றவராக, முதன்முறையாகப் படித்தார். காது கேட்காத தன் மகனுக்கு வாங்கிய கருவி தூள்தூளாக வந்து சேர்ந்தது என்று ஒரு தாய் எழுதியிருந்ததற்கு, போன வாரம் இதே வரியைத்தான் அனுப்பியிருந்தார்.

பேனாவை மேசையில் வைத்தார். வைத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். அது அடித்த சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த சுண்டு எட்டிப் பார்த்தாள்.

"மேடம்..." என்று ஒரு குரல். ஓரமாக நின்ற வகுப்பாசிரியை. அவர் தலைமையாசிரியையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பேசினார். "அவ மொதல்ல வேற எழுதியிருந்தா. 'ஷூ சின்னது. விரல் மடங்குது. எனக்கு வேற வேணும்'னு. நான்தான் வட்டம் போட்டுத் திருப்பிக் குடுத்தேன். சரியா எழுதிட்டு வான்னு."

"நீங்க போய் கிளாஸைப் பாருங்க மிஸ்" என்றார் தலைமையாசிரியை.

"இல்ல மேடம். அவ சரியாத்தான் எழுதியிருந்தா." வகுப்பாசிரியை அப்பா பக்கம் திரும்பினார். "மறுபடியும் எழுதச் சொன்னப்ப அழவேயில்ல சார். 'அப்பா மாதிரி எழுதணுமா மிஸ்'னு மட்டும் கேட்டா."

அப்பாவுக்கு அந்த ஆசிரியை மேல் பாய வேண்டும் போல இருந்தது. பாய முடியவில்லை. அவர் போட்ட வட்டத்துக்குள் ஊற்றியது யார் தயாரித்த சரக்கு? கோப்பை இழுத்து மற்ற பிள்ளைகளின் தாள்களைப் புரட்டினார். காலணியின் அழகு நெகிழச் செய்தது. காலணியின் அழகு நெகிழச் செய்தது. ஒரு பிள்ளை அவசரத்தில் குருவிக் கதையின் விடையோடு குழப்பிக்கொண்டு, காலணியின் தியாக உணர்வு நெகிழச் செய்ததாக எழுதியிருந்தது. அதற்கும் ஒரு நட்சத்திரம்.

"இந்தப் பிள்ளைங்க காலை யாராவது பாத்தீங்களா?"

"அவங்கதான் எழுத்துல குடுத்திருக்காங்களே சார்."

"கால் மேடம்! காலைப் பாத்தீங்களான்னு கேக்கறேன்!"

புகார்ப் பிரிவில் அத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அதுவரை குரலை உயர்த்தியதில்லை. தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். "பேசிட்டு இருக்க எனக்கு நேரமில்ல. எந்த ரூம் மிஸ்?"

வகுப்பாசிரியை முன்னால் நடந்தார். அப்பா சுண்டுவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். "எங்கப்பா போறோம்?" என்று கேட்டாள். "கால் பாக்கப் போறோம்" என்றார்.

வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள். கரும்பலகையில் அடுத்த கதைக்கான விடை தயாராக இருந்தது. வகுப்பாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளைகளா, அந்த வெள்ளி ஷூ யாருக்காவது வலிக்குதா?"

"இல்லை மிஸ்! எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது மிஸ்!"

மொத்த வகுப்பும் ஒரே குரலில். ஒரு பிசிறு இல்லை. தான் எழுதிய வரிகளை இத்தனை வாய்களில் அப்பா கேட்டதில்லை.

"சரி, எல்லாரும் சாக்ஸைக் கழட்டுங்க" என்றாள் அம்மா.

பிள்ளைகள் ஆசிரியையைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். கழற்றினார்கள். குதிகாலில் கொப்புளம் உடைந்த பிள்ளை. சுண்டுவிரல் நகம் நீலம் பாரித்த பிள்ளை. திணித்த காகிதம் உராய்ந்து உராய்ந்து விரல் நுனி சிவந்து கிடந்த பிள்ளை. அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். முன்வரிசைப் பையன் ஒருவனின் விரலை மெல்ல அழுத்தினாள்.

"இங்க வலிக்குதா?"

பையன் கரும்பலகையைப் பார்த்தான். ஆசிரியையைப் பார்த்தான். பிறகு ரகசியமாகக் கேட்டான்: "எது கரெக்ட் ஆன்சர் ஆன்ட்டி?"

அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"ஆ! வலிக்குது!"

"இதான் கரெக்ட் ஆன்சர்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "மிஸ், எனக்கும் வலிக்குது!" "எனக்கு ரெண்டு கொப்புளம் மிஸ்!" "போடா, எனக்கு மூணு! ஒண்ணு உடைஞ்சேபோச்சு!" "மிஸ், என் ஷூ பெருசு, ஆடுறப்போ அது மட்டும் தனியா ஆடுது!" "மாஸ்டர்கிட்ட சொன்னேன் மிஸ், சிரிச்ச முகமா ஆடுன்னாரு!" வகுப்பு சந்தைக்கடையானது. வகுப்பாசிரியை யாரையும் அடக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிவைத்த விடையை மேலிருந்து கீழாக அழித்தார். அழித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அழித்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் ஒரு தாள் எடுங்க" என்றார் திரும்பி. "கட்டம் எதுவும் வேண்டாம். ஷூ போட்டுக்கிட்டு ஆடினீங்களே, என்ன ஆச்சு, எப்படி இருந்துச்சு, அதை எழுதுங்க."

பிள்ளைகள் எழுதவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெறும் பலகையைப் பார்த்தார்கள். அங்கே எதுவும் இல்லை. இவ்வளவு நேரம் கத்திய வாய்கள் மூடிக்கொண்டன. மூன்று வரி சொல்லிக்கொடுத்தே மூன்று மாதத்தில் ஒரு வகுப்பை ஊமையாக்க முடியும் என்று அப்பா அன்று கண்ணால் பார்த்தார். அதற்கு அடி வேண்டியதில்லை, மிரட்டல் வேண்டியதில்லை. அழகான வாக்கியம் போதும்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. "மிஸ், பிடிக்கலன்னு எழுதலாமா?"

"எழுதலாம்."

"மாஸ்டர் பேரைப் போட்டு?"

"போடு."

பென்சில்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அப்பாவின் இடுப்பிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள் சுண்டு. கொஞ்சம் எழுதினாள். நிறுத்தினாள். தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, உன் மேலயும் கோவம்னு எழுதவா?"

மொத்த வகுப்பும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

"எழுது."

"நீ திருத்துவியா?"

"தொடமாட்டேன்."

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். தாளின் இந்தப் பக்கம் தீர்ந்து, திருப்பிப் போட்டு எழுதினாள். அப்பா அந்தப் பென்சிலின் ஓட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளைக்குத் தன் மேல் இவ்வளவு கோபம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அது எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருந்தது என்பதில் அவருக்கு ஓர் ஆறுதலும் இருந்தது.

வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார். முன்வரிசையில் கிடந்த ஒரு தாளை எடுத்துப் படித்தார். முகம் இறுகியது. இன்னொன்றை எடுத்தார்.

"என்ன மிஸ் இது? வெறும் குறையா எழுதி வச்சிருக்குங்க. விருந்தினர் யாராவது படிச்சா பள்ளியைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஒரு நல்ல உணர்வு இருக்கா? கத்துக்கிட்டதுன்னு ஒரு வரி இருக்கா?"

வகுப்பாசிரியை பதில் சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து அலுவலக வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

"கத்துக்க வேண்டியது அவங்க இல்ல மேடம், நாமதான். பிள்ளைக்கு எழுதச் சொல்லிக்குடுக்கறது நம்மளை சந்தோஷப்படுத்தறதுக்கு இல்ல. வலிச்சா வலிக்குதுன்னு, பிடிக்கலன்னா பிடிக்கலன்னு, பயந்துடாம நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்றதுக்குத்தான். என்ன உணரணும்னு நாம பிள்ளைக்கு எழுதிக் குடுத்துட்டோம்னா, நாளைக்கு யார் அதை என்ன செஞ்சாலும் 'மிகவும் பிடித்திருந்தது'ன்னுதான் மேடம் அது எழுதும். நாமளும் அதுக்கு ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிடுவோம்."